மூன்று ஆண்டுகளாக எடுத்துவரும் அல்பிரசோலம் மாத்திரையை நிறுத்துவது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 44. மூன்று ஆண்டுகளுக்கு முன் பதற்றமும் தூக்கமின்மையும் சேர்ந்து வந்தபோது, மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என எழுதிக்கொடுத்தார். அதை இரண்டு முறை நீங்களாகவே நிறுத்திப் பார்த்தீர்கள். இரண்டு முறையும் மூன்றாம் நாள் தூக்கம் அறவே போய், கை நடுங்கி, குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக்கூடத் தாங்க முடியாமல், மீண்டும் மாத்திரைக்கே திரும்பிவிட்டீர்கள். நோய் இன்னும் தீரவில்லையா, மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா, ஒரு மாதத்துக்குள் நிறுத்த முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். அரசு மருத்துவமனை மருந்தகத்திலும், ஓய்வுக்குப் பின் ஒரு மருந்துக்கடையிலுமாக 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறேன். எந்த அளவில் தொடங்கி எவ்வளவு குறைப்பது என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரை உடலில் எப்படி நடந்துகொள்கிறது, நிறுத்த முயல்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. மருத்துவரைப் பார்க்கும் வரை இப்போது எடுக்கும் அளவை அப்படியே, அதே நேரத்தில் எடுத்துவாருங்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது ஓரிரு நாளுக்கு முன்பே திடீரென்று நிறுத்தியிருந்தால், 'பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் தாண்டிவிடலாம்' என்று காத்திருக்காமல் இன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். அல்பிரசோலம் பென்சோடயசெபின் என்ற வகையைச் சேர்ந்தது. நீண்ட காலம் எடுத்த இவ்வகை மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்கு இல்லாதது தெரிவதும் நினைவு குழம்புவதும் உண்டு. இதற்கு முன் வலிப்பே வராதவர்களுக்கும் இது நேரலாம். உங்களுக்கு இரண்டு முறையும் அந்த அளவுக்குப் போகவில்லை என்பது நல்லது, ஆனால் மூன்றாம் முறையும் அப்படித்தான் இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

இனி, மூன்றாம் நாள் வந்தது என்ன என்பதைப் பார்ப்போம். நரம்பணுக்களின் பரபரப்பைத் தணிக்க மூளையில் காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம் ஆகிய நான்கும் ஒரே பென்சோடயசெபின் குடும்பம். காபா செய்யும் வேலையைக் கூட்டிக்கொடுப்பதே இவற்றின் தொழில். மாதக்கணக்கில் இப்படி வெளியிலிருந்து அமைதி வந்துகொண்டிருந்தால், மூளை தன் பங்குக்கு எதிர்த்திசையில் தள்ளத் தொடங்குகிறது. கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ள, உள்ளே இருப்பவர் முழுப் பலத்தோடு எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் இருப்பவர் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவர் குப்புற விழுவார். அந்த விழுகைதான் மூன்றாம் நாள் நீங்கள் கண்டது.

பழைய நோய் திரும்புவதையும் மருந்து விலகுவதன் விளைவையும் பிரித்துப் பார்க்க, நான் மூன்று விஷயங்களைக் கேட்பேன். எப்போது வந்தது? குறைத்த அல்லது நிறுத்திய சில நாட்களுக்குள் வந்தால் பெரும்பாலும் அது விலகல் விளைவுதான். பழைய பதற்றம் மீள்வதாக இருந்தால் பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். மாத்திரை எடுப்பதற்கு முன் உங்களிடம் இல்லாத தொல்லைகள் இப்போது வந்தனவா? வெளிச்சம் கூசுவது, சாதாரணச் சத்தம் காதைக் குத்துவது, தசை துடிப்பது, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, சுற்றியுள்ளவை நிஜமில்லாததுபோலத் தோன்றுவது எல்லாம் விலகலின் அடையாளங்கள். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தை நீங்கள் குறிப்பிட்டதும் எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவது, ஒரு மாத்திரை போட்டதும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கியதா? அடங்கியிருந்தால், அது மாத்திரை இல்லாததால் வந்த தொல்லை. இந்த மாத்திரை இல்லாமல் உங்களால் வாழவே முடியாது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. இங்கே ஏற்படும் குழப்பத்தால் தேவையின்றி இன்னும் பல ஆண்டுகள் எடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடிமை என்ற சொல்லை நீங்கள் உங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டியதில்லை. எழுதிக்கொடுத்த அளவை மீறாமல், கூடுதலாகத் தேடி அலையாமல், சொன்ன நேரத்தில் எடுத்தவருக்கும் உடல் மருந்தோடு பழகிப்போகும். இதை உடல் சார்ந்துவிடுவது என்று சொல்லலாம். அடிமையாவது என்பது மருந்தைத் தேடியே ஓடுவதும், கேடு தெரிந்தும் அளவை ஏற்றிக்கொண்டே போவதும்.

இந்த மருந்துகளின் கதையில் இந்தக் குழப்பம் புதிதல்ல. குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்டயசெபாக்சைடு 1960இலும் டயசெபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பிருந்த பார்பிட்யூரேட்டு என்ற தூக்க மருந்துகளைவிடப் பாதுகாப்பானவை என்ற பெயரோடு வந்ததால், உடல் இவற்றோடு பழகிப்போகும் என்பதை மருத்துவ உலகம் ஏற்கவே வெகுகாலம் ஆயிற்று. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, கடுமையான பதற்றத்துக்கு 2 முதல் 4 வாரங்கள் மட்டுமே தர வேண்டும் என்று 1988இல் அறிவுறுத்தியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உடற்சார்பையும் விலகல் விளைவுகளையும் கட்டமிட்ட எச்சரிக்கையாக எல்லா பென்சோடயசெபின்களின் குறிப்பிலும் சேர்க்கச் சொன்னது 2020இல்தான்.

நம் நாட்டில் இது நீண்டுகொண்டே போவதற்கு ஒரு குறிப்பிட்ட வழி உண்டு. பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்தைத் தொடங்கும்போது அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை தாங்குவதற்காக மருத்துவர் குளோனசெபாமையோ அல்பிரசோலத்தையோ சேர்த்து எழுதுகிறார். அது நியாயம்தான். ஆனால் அதை எப்போது நிறுத்துவது என்று சீட்டில் எழுதுவதில்லை, நோயாளியும் கேட்பதில்லை. அல்பிரசோலமும் டயசெபாமும் மருந்துச் சட்டவிதிகளின் எச்1 அட்டவணையில் இருப்பவை. அதன்படி, மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றைத் தரக் கூடாது. தந்தால் நோயாளி, மருத்துவர் பெயரோடு தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் ஒரே பழைய சீட்டு பைக்குள் கசங்கிக் கசங்கி ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருப்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். இந்தத் தவறில் எங்களுக்கும் பங்குண்டு.

அடுத்து, நீங்கள் மிகவும் அறிய விரும்பும் கால அளவு. ஒரு மாதத்தில் முடியாது. முடிந்தாலும் செய்யக் கூடாது. 2025இல் அமெரிக்காவின் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துப் பார்க்கவும், எந்த நிலையிலும் இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கவும் சொல்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சையகம் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், நோயாளியின் கையிலேயே வேகத்தைக் கொடுத்து மாதக்கணக்கில் மெதுவாகக் குறைத்தார். நான் பார்த்தவர்களில் வெற்றியோடு முடித்தவர்களும் வேகத்தைத் தாங்களே தீர்மானித்தவர்கள்தான்.

நீங்கள் இப்போது நாளொன்றுக்கு 1 மி.கி. எடுக்கிறீர்கள். மாதத்துக்கு 10 சதவீதம், அதுவும் அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் அளவிலிருந்து 10 சதவீதம் என்று குறைத்தால், ஆறு மாத முடிவில் ஏறத்தாழ 0.53 மி.கி., ஓராண்டு முடிவில் 0.28 மி.கி. என்று வரும். ஆரம்பத்தில் இறங்கும் தூரத்தைவிட இறுதியில் இறங்கும் தூரம் சிறியது. இது சோம்பேறித்தனமான வேகம் என்று தோன்றலாம், காரணம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் 0.25 மி.கி. மாத்திரையைப் பாதியாக்கினால் 0.125 மி.கி. தொடக்கத்தில் 1 மி.கி.யிலிருந்து இந்த அரைத் துண்டைக் குறைப்பது 12.5 சதவீதக் குறைப்பு. அதே அரைத் துண்டை 0.25 மி.கி. எடுக்கும் நிலையில் குறைத்தால் அது 50 சதவீதம். கடைசித் துண்டை விடுவதோ முழு நூறு சதவீதம். 'இதில் என்ன இருக்கிறது, ஒரு தூசி மாத்திரைதானே' என்று சொல்லிக் கடைசியில் வேகமெடுப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியைக் கடக்க மருத்துவர்கள் கையாளும் ஒரு வழி, அல்பிரசோலத்தை மெல்ல மெல்ல டயசெபாமுக்கு மாற்றி, பிறகு டயசெபாமைக் குறைப்பது. அல்பிரசோலத்தின் பாதி ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சராசரியாக 11 மணி. இரவு மாத்திரையின் அளவு விடியற்காலையில் சரியத் தொடங்குவதால்தான், எதையும் குறைக்காதவர்களுக்கும் காலை எழுந்தவுடன் நெஞ்சு படபடக்கிறது. டயசெபாம் உடலில் நாட்கணக்கில் தங்கும். அது சிதைந்து உருவாகும் பொருள் இன்னும் அதிக நாள் தங்கும். அதனால் ஏற்ற இறக்கம் குறைவு, 2 மி.கி. மாத்திரையும் கிடைப்பதால் நுணுக்கமாகக் குறைக்க வசதி. இந்த மாற்றுக் கணக்கை நீங்களாகவே போட்டுப் பார்க்காதீர்கள் என்று குறிப்பாகச் சொல்கிறேன். ஆஷ்டனின் அட்டவணைப்படி 0.5 மி.கி. அல்பிரசோலத்துக்கு 10 மி.கி. டயசெபாம் ஈடு, வேறு சில அட்டவணைகள் அதில் பாதியை மட்டுமே சொல்கின்றன. அட்டவணைகளே உடன்படாத இடத்தில், உங்கள் வயது, எடை, கல்லீரல் நிலை எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். முதியோருக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் டயசெபாம் சேர்ந்துபோய் மயக்கமும் தடுமாற்றமும் வரும் என்பதால் இந்த வழி பொதுவாக உகந்ததல்ல.

மாத்திரையை உடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நடுவில் கோடுள்ள சாதாரண மாத்திரையைப் பாதியாக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறிய பிளாஸ்டிக் மாத்திரைவெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைக் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் மறுதுண்டு பொடியாகவும் போகும். எஸ்.ஆர். என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், அது மெதுவாகக் கரைந்து வெளிவரும்படி செய்த மாத்திரை. அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. தண்ணீரில் கரைத்து ஊசிக்குழலில் அளந்து குடிக்கலாம் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அல்பிரசோலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. குடிக்கும் அளவு நாளுக்கு நாள் மாறும். கால் துண்டுகளுக்குக் கீழே போக வேண்டியிருந்தால், மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், லோரசெபாமை நிறுத்த ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டார். தினமும் கிழிக்கும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், எடுத்த அளவு, தூங்கிய மணிநேரம், பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மூன்று எண்களை மட்டும் எழுதுவார். மாதம் ஒருமுறை அந்தத் தாள்களை ரப்பர் பட்டையில் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோவார். குறைத்த முதல் வாரத்தில் எண்கள் ஏறி, இரண்டாம் வாரம் இறங்குவது அதில் தெளிவாகத் தெரிந்தது. 'ஏறுகிறது, ஆனால் இறங்கிவிடுகிறது' என்று தன் கையெழுத்திலேயே பார்த்த பிறகு அவருடைய பயம் பாதியாயிற்று. மகள் கல்யாணம் வந்தபோது இரண்டு மாதம் குறைப்பதையே நிறுத்தி, அதே அளவில் இருந்தார். அது தோல்வி இல்லை. குறைப்பைத் தள்ளிப்போடலாம், இடையில் நிற்கலாம். வீடு மாறும்போதோ, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போதோ அடுத்த குறைப்பைத் தொடங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

தொல்லை அதிகமானால் செய்ய வேண்டியது, அப்போதைய அளவிலேயே இன்னும் இரண்டு மூன்று வாரம் நிற்பது. தாங்க முடியாவிட்டால் முந்திய அளவுக்குத் திரும்பலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். 'இன்று மட்டும் ஒன்று கூடப் போட்டுக்கொள்கிறேன்' என்பது மட்டும் வேண்டாம். ஒருநாள் ஏற்றி, மறுநாள் இறக்கி, அதற்கடுத்த நாள் விட்டுவிட்டு எடுப்பதும் ஒரு சிறிய திடீர் நிறுத்தம்தான்.

மது அறவே கூடாது. மதுவும் காபா வழியிலேயே வேலை செய்வதால், மாத்திரையைக் குறைத்த இடத்தை அது வந்து நிரப்பிக்கொள்ளும். மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையும் அடக்கும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலிமருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை. வேறு நோய்க்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் அல்பிரசோலம் எடுப்பதைச் சொல்லுங்கள். பூஞ்சைக்குத் தரும் கீட்டோகோனசோலும் இட்ராகோனசோலும் இரத்தத்தில் அல்பிரசோலத்தை மிகவும் ஏற்றிவிடும் என்பதால் சேர்த்து எடுக்கவே கூடாது, கிளாரித்ரோமைசினும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபினும் அதற்கு நேர்மாறாக இரத்தத்தில் அதன் அளவைக் குறைத்துவிடும். நீங்கள் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடாதபோதும் விலகல் தொல்லை வரலாம்.

உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, அதில் எத்தனை மருந்துப் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி.யும் குளோனசெபாம் 0.5 மி.கி.யும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது இங்கே மிகச் சாதாரணம். இந்தக் குடும்ப மருந்துகள், நெஞ்சுப் படபடப்பைத் தணிக்கும் புரோப்ரனலாலோடு சேர்ந்தும் வருகின்றன. இப்படிப்பட்ட மாத்திரையை வெட்டினால் இரண்டு மருந்தும் ஒன்றாகக் குறையும். எஸ்சிட்டலோபிராமைச் சட்டென்று குறைத்தால் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வும் வரும். புரோப்ரனலாலைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும், இதய நோய் உள்ளவருக்கு ஆபத்தும் உண்டு. எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவற்றைத் தனித்தனி மாத்திரைகளாகப் பிரித்து எழுதச் சொல்வதுதான். பொதுவாக பென்சோடயசெபினை முதலில் இறக்கிவிட்டு, பதற்றத்துக்கான மற்ற மருந்தைப் பிறகு பார்ப்பார்கள்.

வீட்டிலிருந்தபடி குறைப்பது எல்லோருக்கும் பொருந்தாது. வலிப்பு வந்த வரலாறு, தினசரி மதுப்பழக்கம், முன்பு நிறுத்தியபோது மனக்குழப்பம் வந்தது, மிக அதிக அளவில் எடுப்பது ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் மருத்துவமனையில் வைத்துக் குறைக்க வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகள் பயந்துபோய் ஒரேநாளில் நிறுத்திவிடுகிறார்கள். அது தாய்க்கும் கருவுக்கும் நல்லதல்ல, மருத்துவரோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். குளோனசெபாமும், இதே குடும்பத்தின் குளோபசாமும் வலிப்பு நோய்க்காகவும் தரப்படுபவை. அப்படி எடுப்பவர்களுக்கு நான் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் கால் மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது.

வீட்டில் வயதான பெற்றோர் இந்த மாத்திரையை எடுப்பது பற்றிப் பலரும் கேட்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். வயதானவர்களுக்குக் கீழே விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் மறதியும் இதனால் கூடுகின்றன. 'இந்த வயதில் எதற்கு நிறுத்த வேண்டும்' என்பவர்களுக்குக் கனடாவின் கியூபெக்கில் நடந்து 2014இல் வெளியான ஆய்வைச் சொல்வேன். 65 வயதைக் கடந்தவர்களிடம், இந்த மருந்தின் தீமைகளையும் 21 வாரத்தில் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் முழுதாக நிறுத்தினார்கள்; கையேடு பெறாதவர்களில் 5 சதவீதம்தான்.

மாத்திரை இறங்க இறங்க, அது செய்துவந்த வேலையை வேறு ஏதாவது செய்ய வேண்டும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சு வழியாக மாற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே அதைத் தொடங்கினால் இன்னும் நல்லது. தூக்கம் வராதபோது படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்துவிடுவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது என்ற இரண்டும் அதில் முக்கியமானவை. மனநல மருத்துவர் அருகில் இல்லாதவர்கள் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசிக்கு, இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசுகிறார்கள், எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றும் சொல்வார்கள். வலிப்பு, இல்லாதது தெரிவது, ஆளையே அடையாளம் தெரியாத குழப்பம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும், இரண்டு முறை நிறுத்தியபோது எந்த நாளில் என்ன வந்தது என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோங்கள். முதல் குறைப்பு எவ்வளவு, அது சரியில்லையென்றால் எத்தனை நாள் நிற்பது, இடையில் தொல்லை வந்தால் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்ற மூன்றையும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 'உங்களால் முடியாது, காலம் முழுக்க எடுங்கள்' என்றோ 'நாளையிலிருந்து விட்டுவிடுங்கள்' என்றோ மட்டும் சொன்னால், இன்னொரு மனநல மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள். அதுவரை காலை ஒன்று, இரவு ஒன்று. அதில் மாற்றம் வேண்டாம்.